டெக்கின் மேல் ஒரு கை

வேலந்தாவளத்துக் கடையில், பழுது பார்த்த பழைய வீடியோ டெக் பாதி விலைக்கு இருந்தது. ஓட்டிப் பார்த்து வாங்கலாமென்று அக்காவின் கல்யாண கேசட்டைக் கொண்டுபோயிருந்தேன். ஓடத் தொடங்கியதும் பிளாஸ்டிக் சூடாகும் வாடை வந்தது.

அப்பாவை நினைத்தாலே இன்றும் எரிச்சல்தான். நாங்கள் இந்தக் கேசட்டைப் பார்க்க, அவர் டெக்கைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார். மாப்பிள்ளை அழைப்பு முடிவதற்குள், "டெக்கு சூடாயிருச்சு, போதும்" என்று அணைத்து, ஈரத்துண்டைப் போர்த்திவிடுவார். அக்கா கெஞ்சினாலும் கேட்கமாட்டார். தாலி கட்டுவதைக் கேசட்டில் நாங்கள் பார்த்ததே இல்லை. கடைசியில் அந்த ஈரம் இறங்கித்தான் டெக்கே செத்தது.

"புதுசாட்ட ஓடுதுங்க. எடுத்துக்கறீங்களா?" என்றார் கடைக்காரர்.

திரையில் மாப்பிள்ளை மணமேடை ஏறிக்கொண்டிருந்தார். என் கை டெக்கின் மேல் இருந்தது.

"சூடாயிருச்சுங்க, போதும்" என்றேன்.