கந்தக ஊற்றில் தண்ணீர் வார்த்தது

என் மனைவிக்கு ஒரு நாளைக்கு அனுமதித்திருக்கும் தண்ணீர் எண்ணூறு மில்லிலீற்றர். தேநீர், ரசம், மாத்திரை விழுங்குகிற மிடறு எல்லாம் அதற்குள் அடக்கம். ஐஸ் கட்டி கொடுத்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று தாதி சொன்னார். நான் ஊரில் நில அளவைத் திணைக்களத்தில் இருந்தவன். இங்கே மொன்றியலுக்கு வந்து ஜான்-டலோன் சந்தையில் பதினான்கு வருடம் தக்காளிப் பெட்டி எண்ணினேன். அளக்கச் சொன்னால் அளப்பேன். ஆனால் தாகத்தோடு ஒருத்தி எதிரே இருந்து என் கையையே பார்த்துக்கொண்டிருக்க அளப்பது எனக்குப் பழக்கமில்லாத வேலை.

"இஞ்சாருங்கோ, அந்தக் கோப்பையை இன்னும் கொஞ்சம் சரிச்சால் உங்கடை அரசாங்கம் கவிண்டிடுமோ?" என்பாள்.

"மூச்சு முட்டப்போறது உமக்கு. எனக்கில்லை."

"எனக்கு முட்டுறதே உங்களாலைதான்."

அவளுடைய சிறுநீரகம் இரண்டும் நின்றுபோய்விட்டன. செவ்வாய், வியாழன், சனிக்கிழமைகளில் காலையில் ஒரு வான் வந்து பார்க் எக்ஸ்டென்ஷனில் எங்கள் வாசலில் நிற்கும். ஆஸ்பத்திரியில் நான்கு மணி நேரம் இயந்திரம் அவளுடைய இரத்தத்தை எடுத்துக் கழுவித் திருப்பிக் கொடுக்கும். அதற்காகக் கையில் இரண்டு தரம் கத்தி வைத்தார்கள். இரண்டும் சரிவரவில்லை. ஆகவே நெஞ்சில், வலது தோளுக்குக் கீழே, நிரந்தரமாக ஒரு குழாய் போட்டிருக்கிறார்கள். அதில் தண்ணீர் படவே கூடாது. பட்டால் கிருமி இரத்தத்துக்குள் போய்விடும். அதனால் ஒன்றரை வருடமாக அவள் குளிக்கவில்லை. ஈரத்துணியால் துடைக்கிறோம். தலையைச் சமையலறைத் தொட்டியில் பின்பக்கமாகச் சாய்த்துக் கழுவுகிறோம். பனி கொட்டுகிற மாசியிலும் காலையில் முழுகாமல் அடுப்பைத் தொடாதவள் அவள். இதைப் பற்றி ஒரு நாளும் முறைப்பட்டதில்லை என்பதால் அவளுக்கு இது பழகிவிட்டது என்று நினைத்திருந்தேன்.

ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கதிரையில் ஒரு கியூபெக் கிழவி. எங்களைவிடவும் மூத்தவர். என் மனைவி கார்டெரி என்கிற குழந்தைகள் காப்பகமொன்றில் சமைத்துப் போட்டவள், பதினொரு வருடம். அவளுக்குப் பிரெஞ்சு நன்றாக வரும். எனக்குப் பொன்ஜூர் என்கிற வணக்கமும் மெர்சி என்கிற நன்றியும் சில காய்கறிப் பெயர்களும்தான். இரண்டு பேரும் இயந்திரங்களோடு கட்டுண்டபடி ஓயாமல் கதைப்பார்கள். நான் கூரைத் தகடுகளை எண்ணிக்கொண்டிருப்பேன். தொண்ணூற்றாறு. இரண்டில் ஈரக் கறை.

அந்தக் கிழவியின் பாட்டி ஒரு ஹோட்டலில் படுக்கை விரிப்பு மடித்தவராம். கிழக்கே, அமெரிக்க எல்லைக்குக் கிட்ட, மலையடியில் இருந்த ஹோட்டல். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டியது. மூன்று ஊற்றுகள்: இரும்பு, கந்தகம், மக்னீசியம். மொன்றியல் பணக்காரர்கள் கோடையில் ரயிலேறிப் போய், அங்கே இரண்டு மூன்று கிழமை தங்கி, காலையில் வெறும் வயிற்றோடு கண்ணாடிக் குவளையும் கையுமாக ஊற்றடிக்கு நடப்பார்களாம். யார் எந்த ஊற்றில் எத்தனை குவளை குடிப்பது என்று ஹோட்டல் வைத்தியர் சொல்லுவாராம். ஹோட்டல் எரிந்துபோய் நூறு வருடத்துக்கு மேலாகிறது. கந்தக ஊற்றில் மட்டும் தண்ணீர் இன்னும் வருகிறதாம்.

"சிறுநீரகத்துக்கும் நல்லதாம்," என்றாள் மனைவி.

எனக்குச் சந்தேகம் வந்தால் தீர்க்காமல் படுக்க முடியாது. நூலகத்தில் ஒரு பழைய விளம்பரத்தைத் தேடிப் பிடித்தேன். வெள்ளைத் தூண்கள், நீண்ட விறாந்தை, குடை பிடித்த பெண்கள். கீழே அந்தத் தண்ணீரால் மாறும் நோய்களின் வரிசை. எண்ணினேன். இருபத்துமூன்று. சிறுநீரகம் ஏழாவதாக, பித்தத்துக்கும் மூலத்துக்கும் நடுவில் இருந்தது. இருபத்துமூன்று நோயையும் ஒரே தண்ணீர் மாற்றுமென்றால், அது ஒன்றையும் மாற்றாது என்பதற்கு வேறு அத்தாட்சி தேவையில்லை. கோடை முடிந்து, போனபடியே வீங்கிய காலோடு ரயிலேறித் திரும்பியவர்களைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. அவர்கள்தான் அதிகம் பேராக இருந்திருப்பார்கள்.

இதையெல்லாம் அவளுக்கு விளங்கப்படுத்தினேன். உப்புகள் நிறைந்த தண்ணீர், அவளுக்கு நஞ்சு என்றும் சொன்னேன்.

"ஆர் குடிக்கக் கேட்டது? எனக்கு ஒருக்கால் அங்கை தண்ணி வாக்கோணும்."

குளிக்க ஆசைப்படுகிறாள் என்றுதான் விளங்கிக்கொண்டேன். முடியாது என்றேன். ஒரு கிழமை முழுக்க அதையே கேட்டாள். கடைசியில் லவாலில் இருக்கிற எங்கள் மகளைப் பிடித்துவிட்டாள். மகள் இரண்டு வயதில் இங்கே வந்தவள்.

"அப்பா, அம்மா ஒரு வருசமா ஒண்டுமே கேக்கேல்லை," என்றாள் மகள். "குழாயைப் பிளாஸ்ரிக்காலை சுத்தி ஒட்டுவம். கால், கை கழுவட்டும். ஒரு பிக்னிக் மாதிரி நினைச்சுக்கொள்ளுங்கோவன்."

செப்டெம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனோம். மகள் காரை ஓட்டினாள். மனைவி மடியில் ஒரு பையை வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். சின்ன வயதில் அவள் திருகோணமலைக்குப் போய்க் கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் குளித்தவள். இதுவும் சுடுமா என்று வழி முழுக்கக் கேட்டாள். நான் மனதுக்குள் கீரிமலைக் கேணியை வைத்திருந்தேன். படியிறங்கிப் போய்க் காலை நனைத்துவிட்டு ஏறிவிடலாம் என்பது என் கணக்கு.

அங்கே கேணியுமில்லை, கிணறுமில்லை. மரங்களுக்கு நடுவில் ஹோட்டலின் அத்திவாரக் கற்கள் பாசி பிடித்துக் கிடந்தன. தூண் ஒன்றும் மிஞ்சவில்லை. அதற்கு அப்பால் ஒரு கல்தொட்டி, அதற்கு மேலே துருப்பிடித்த இரும்புக் குழாய், அதிலிருந்து என் சுண்டுவிரல் தடிப்பில் தண்ணீர். கூழ் முட்டை நாற்றம் தூரத்திலேயே மூக்கில் அடித்தது.

"ஹோட்டல்காரர் முட்டையை அவியப் போட்டிட்டு மறந்துபோயிட்டினம்," என்றாள் மனைவி. கையை நீட்டித் தொட்டுப் பார்த்து உடனே இழுத்துக்கொண்டாள். "ஐஸ்! இதுக்கோ ரயிலேறி வந்தவங்கள்?"

அவள் சிரித்ததால் மகளும் சிரித்தாள். அத்தோடு திரும்பிவிடுவோம் என்று எனக்கு ஒரு நிம்மதி வந்தது. அவளோ அத்திவாரக் கல்லொன்றில் அமர்ந்து பையைத் திறந்தாள். செம்பு, இரண்டு துவாய், மாற்றுச் சீலை. பிறகு சிறிய மஞ்சள் தூள் போத்தல். பிறகு தமிழ்க்கடையில் வாங்கிய உலர்ந்த வேப்பிலைப் பைக்கற்.

"உமக்கென்ன அம்மாளே போட்டிருக்கு?" என்றேன் பகிடியாக.

"தண்ணி வாக்கோணும் எண்டுதானே சொன்னனான்," என்றாள். "உங்களுக்கு விளங்கும் எண்டு நினைச்சன்."

அப்போதுதான் விளங்கியது. எங்கள் பக்கத்தில் ஒருவருக்கு அம்மாள் வருத்தம், அதுதான் அம்மை நோய், வந்தால், கொப்புளம் காய்ந்து முடியும்வரை தலையில் தண்ணீர் படாது. முடிந்ததும் ஒரு நாள் பார்த்து, வீட்டில் மூத்தவர் வேப்பிலையும் மஞ்சளும் போட்ட தண்ணீரைத் தலையில் வார்ப்பார். அது குளிப்பு அல்ல. அத்தோடு வருத்தம் முடிந்தது. பத்தியம் இல்லை, பிறகு மருந்தும் இல்லை. "தண்ணி வாத்தாச்சோ?" என்று அயலில் கேட்டால், எல்லாம் முடிந்துவிட்டதா என்று அர்த்தம்.

"செவ்வாய்க்கிழமை வான் வரும்," என்றேன்.

"வரட்டும். தண்ணி வாத்த பிறகு ஆர் மருந்துக்குப் போறது?"

மகள் செம்பை எடுத்துக்கொண்டு ஊற்றடிக்குப் போய்விட்டாள். அவளுக்கு அந்த வழக்கம் தெரியாது. "எத்தினை செம்பு அம்மா?" என்று கேட்டுக்கொண்டு நின்றாள். சொல்லாமல் விட முடியவில்லை.

"பிள்ளை, அதை வை. கொம்மா இனி மெசினுக்குப் போகமாட்டாவாம். அதுக்குத்தான் இந்தத் தண்ணி, வருத்தம் மாறினாப் பிறகு வாக்கிறது."

மகள் என்னையும் தாயையும் மாறிமாறிப் பார்த்தாள். முதலில் பிரெஞ்சில் ஏதோ சொன்னாள். பிறகு தமிழுக்கு வந்தாள். "சுகமானால்தானே அம்மா அப்பிடிச் செய்யிறது? உங்களுக்குச் சுகமாகேல்லை!"

"சுகமாகட்டும் எண்டு பாத்துக்கொண்டிருந்தால் எனக்கு எப்ப வாக்கிறது? செத்த பிறகு குளிப்பாட்டுவியள்தான். அது எனக்குத் தெரியவே போகுது? ஒருக்கால் எனக்குத் தெரியத் தண்ணி வாருங்கோ."

"டொக்டர் ரெண்டு வருசம், மூண்டு வருசமும் இருக்கலாம் எண்டவர்," என்றேன் நான். வேறு சிறுநீரகம் பொருத்த அவளுடைய இதயம் தாங்காது என்றும் அதே டொக்டர்தான் சொல்லியிருந்தார்.

"ரெண்டு வருசமெண்டால் எத்தினை தரம் அந்தக் கதிரையிலை இருக்கோணும்? சொல்லுங்கோவன், நீங்கள்தானே கணக்கர்."

முந்நூற்றுப் பன்னிரண்டு. அவள் கேட்டு முடிப்பதற்குள் விடை எனக்கு வந்துவிட்டது.

மகள் காருக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து தாயின் காலடியில் நிலத்தில் இருந்தாள். தன் பிள்ளைகளைப் பற்றிச் சொன்னாள், நத்தார் விடுமுறைக்கு எல்லாரும் கூடலாம் என்றாள், வேறு ஆஸ்பத்திரியில் கேட்டுப் பார்க்கலாம் என்றாள். மனைவி அவளுடைய தலையைத் தடவிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். ஒன்றுக்கும் ஓம் சொல்லவில்லை. கடைசியில் என் பக்கம் திரும்பினாள்.

"மூத்த ஆள்தான் வாக்கிறது. இஞ்சை உங்களை விட மூப்பு ஆர்?"

செம்பை நான்தான் எடுத்தேன். அவள் சொன்னது சரியென்று எனக்குப் படவில்லை, இப்போதும் படவில்லை. பிழை என்று சொல்லவும் ஒரு காரணம் அகப்படவில்லை. அந்தக் குழாயில் செம்பு நிறைய நேரமெடுத்தது. அவள் மனம் மாறுவதற்கு அது போதுமான நேரம். மாறவில்லை. தண்ணீரில் மஞ்சளைக் கரைத்தாள், வேப்பிலையை நொறுக்கிப் போட்டாள்.

வார்க்க முன்னம் நெஞ்சிலிருந்த குழாயைப் பிளாஸ்ரிக் தாளால் மூடி நாலு பக்கமும் ஒட்டினேன்.

"இனி உது என்னத்துக்கு?"

"உமக்கில்லை. எனக்கு."

மூன்று செம்பு வார்த்தேன். முதலாவதற்கு "ஐயோ, குளிருது!" என்று கத்தினாள். இரண்டாவதற்குப் பல் கிடுகிடுக்கக் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். மூன்றாவதை மகளும் என் கையோடு கை வைத்து வார்த்தாள். அழுகையோடுதான். அந்த வழியால் சைக்கிளில் வந்த இருவர் பொன்ஜூர் சொன்னார்கள். வேப்பிலை ஒட்டிய நரைத்த தலையோடு ஒரு கிழவி நனைந்துபோய் இருப்பதைக் கண்டதும் அவசரமாக மிதித்துப் போனார்கள். ஒட்டிய தாளுக்குள்ளும் தண்ணீர் போயிருந்தது. துவாயால் ஒற்றி எடுத்தேன்.

அந்தத் தண்ணீர் ஒரு நன்மையும் செய்யவில்லை. இதை எழுதாமல் விட்டால் அந்த விளம்பரத்துக்கும் எனக்கும் வித்தியாசமில்லை. அன்று மாலையே அவளுக்குக் கால் வீங்கியது. ஒரு சொட்டுச் சிறுநீரும் போகவில்லை.

திங்கட்கிழமை மகள் டொக்டருக்குத் தொலைபேசி எடுத்தாள். டொக்டர் என் மனைவியோடு நெடுநேரம் பிரெஞ்சில் பேசினார். அவள் "வீ, வீ" என்று ஓம் சொல்லிக்கொண்டிருந்தது மட்டும் எனக்கு விளங்கியது. நிறுத்துவது அவளுடைய உரிமை என்றாராம். வலியும் மூச்சுமுட்டலும் தெரியாமலிருக்க வீட்டுக்கே தாதி வருவாராம். எவ்வளவு காலம் என்று நான் மகளிடம் கேட்டேன். ஒரு கிழமை, கூடினால் இரண்டு. டொக்டர் ஆச்சரியப்படவில்லையாம். அது எனக்கு ஆத்திரமாக இருந்தது. யாராவது ஒருவர் ஆச்சரியப்பட்டிருக்கலாம்.

வான்காரருக்கு ஒருவரும் அறிவிக்கவில்லை. செவ்வாய்க்கிழமை காலை வழக்கம்போல வாசலில் வந்து நின்றார். ஹெயிட்டிக்காரர், நல்ல உயரம், இந்த ஒன்றரை வருடமும் அவளைக் கைபிடித்து ஏற்றி இறக்கியவர். நான் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனேன். சொல்ல வேண்டியதைத் தமிழில் சொல்லவே எனக்குத் தெரியவில்லை. இருக்கிற பிரெஞ்சில் தேடியதில், ஆஸ்பத்திரியில் காதில் விழுந்த இரண்டு சொல் அகப்பட்டன: வருத்தத்துக்கு மலாடி, முடிந்ததுக்கு ஃபினி.

"மடாம், ஃபினி," என்றேன். "மலாடி ஃபினி."

அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு முகம் முழுக்க மலர்ந்தது. வானை விட்டு இறங்கி வந்து என் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினார். சிறுநீரகப் பக்கம் விரலால் தொட்டுக் காட்டி, புதிதாகக் கிடைத்துவிட்டதா என்பதுபோல ஏதோ கேட்டார். ஃபெலிசிட்டாசியோன், ஃபெலிசிட்டாசியோன் என்று வாழ்த்தினார். எங்கள் யன்னலைப் பார்த்துக் கையை உயர்த்தி ஆட்டினார். திருத்துவதற்கு எனக்குப் பாஷை போதவில்லை. வான் தெருமுனையில் திரும்பும்போது இரண்டு தரம் ஹோர்ன் அடித்தது.

மேலே வந்தேன். அவள் யன்னலோரம் தலையணையில் சாய்ந்திருந்தாள். மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது.

"என்னவாம் அவர்?"

"உமக்குச் சுகம் வந்திட்டுதெண்டு சந்தோசப்படுறார்."

"பாவம். நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"மெர்சி எண்டன்."