காய்ச்சல் விட்ட காலை

கொல்லிமலை ஆஸ்பத்திரிக்கு மாற்றலாகி வந்த புதிதில், டாக்டர் ரவுண்ட்ஸ் முடித்த பிறகுதான் வார்டில் ரத்தம் எடுப்போம். எல்லாருடைய குழாய்களும் சேர்ந்த பிறகே லேபுக்குப் போகும். ரிசல்ட் வருவதற்குள் டாக்டர் கிளம்பியிருப்பார். விடிந்ததும் ரத்தம் எடுத்து, எடுத்த கையோடு லேபில் கொடுத்துவிடலாமா என்று நான்தான் கேட்டேன். டாக்டர் சம்மதித்தார். லேப் டெக்னீஷியன் அண்ணனுக்குத்தான் பிடிக்கவில்லை.

“ஒண்ணொண்ணாக் கொண்டாந்து நீட்டுனா எப்படிங்க சிஸ்டர்? ஒட்டுக்காக் குடுங்க” என்று முகத்தைச் சுளித்தார். ஆனாலும் சீக்கிரமே வந்து லேபைத் திறந்தார்.

அந்த வாரமே மலையிலுள்ள குண்டூர் நாட்டு ஊர் ஒன்றிலிருந்து ஒரு பெண் வந்தாள். ஏழு மாதக் கர்ப்பம், நான்கைந்து நாளாகக் காய்ச்சல். கடைசி பஸ்ஸில் வந்ததால் அன்று லேப் மூடியிருந்தது. காலையில் நான் போனபோது அவள் எழுந்து உட்கார்ந்திருந்தாள். உடம்பில் சூடே இல்லை. புருஷன் பையில் துணிகளைத் திணித்துக்கொண்டிருந்தார்.

“காச்ச உட்ருச்சுங்க. மொத பஸ்ஸுக்கே ஊட்டுக்குப் போறமுங்க.”

“ரத்தம் பாத்துட்டுப் போலாங்க.”

“வெறும் வயித்துல ரத்தத்த எடுத்துப்புட்டா தெம்புக்கு எங்கீங்க போறது?”

அவள் கையைப் பிடித்தேன். சில்லென்றிருந்தது. டெங்குவாக இருந்தால், காய்ச்சல் விடும் நேரம்தான் ஆபத்தானது. “கையை நீட்டு கண்ணு” என்றேன். அவளே நீட்டினாள்.

குழாயோடு மழையில் முற்றத்தைக் கடந்து லேபுக்குள் நுழைந்தால், கரண்ட் இல்லை. அண்ணன் ஜெனரேட்டரைப் போட ஓடினார். அது இருமி இருமி நின்றது. கீழே ரோட்டில் பஸ் ஹாரன் கேட்டது. அவர்கள் ஏறிவிட்டால்? வார்டுக்கு ஓடினேன். புருஷன் பையைத் தோளில் மாட்டி நின்றார். அவள் கட்டிலை விட்டு இறங்கவில்லை.

“சிஸ்டர் வரட்டுமுன்னு சொல்றாளுங்க” என்றார் எரிச்சலாக. பஸ் போய்விட்டது. என்னை அவர் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. ரிசல்ட் நன்றாக வந்துவிட்டால் இவருக்கு என்ன சொல்வது என்றும் தோன்றியது. அப்படியே வரட்டும் என்றும் வேண்டிக்கொண்டேன்.

டாக்டர் உள்ளே வந்தபோதுதான், ஜெனரேட்டரை எப்படியோ ஓடவைத்து வேலையை முடித்த அண்ணனும் நனைந்தபடி வந்தார். “ரத்தத்துல தட்டணு ரொம்பக் கொறஞ்சிருக்குங்க. மெஷின நம்பாம மைக்ராஸ்கோப்லயும் பாத்துட்டேன்” என்று சீட்டை நீட்டினார். டாக்டர் அவள் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு உடனே ஆம்புலன்ஸை வரச் சொன்னார். சலைன் பாட்டிலைத் தூக்கிப் பிடித்தபடி நானும் ஏறினேன். வளைவுகளில் மூடுபனி. டிரைவர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. பாதி வழியில் அவள் மூக்கிலிருந்து ரத்தம் கசிந்தது. புருஷன் என் கையைப் பிடித்துக்கொண்டார். “ஒண்ணும் ஆவாதுங்களே?” பஞ்சை அவரிடம் கொடுத்து, அவள் மூக்கை அழுத்திப் பிடிக்கச் சொன்னேன்.

மலைக்குக் கீழே பெரிய ஆஸ்பத்திரியில் அவளைத் தேற்றிவிட்டார்கள். மாதம் நிறைந்து பெண் குழந்தை பிறந்தது என்று அவள் புருஷனே பலாப்பழத்தோடு வந்து சொன்னார். லேப் அண்ணன் இப்போதும் முணுமுணுக்கத்தான் செய்கிறார். ஆனால் என் குழாய் வரச் சற்றுத் தாமதமானால், வார்டு வாசலுக்கே வந்து நிற்கிறார்.