மரக்காத குதிகால்

போன மாதம் வாணியம்பாடியில் ஒரு பல் மருத்துவரின் நாற்காலியில், ஈறு வீங்கிப் படுத்திருந்தான் என் மகன். ஊசி போட்ட பிறகும் வலிக்கிறது என்றான். "நடிக்காதடா" என்றேன். அந்தப் பெண் மருத்துவர் கருவியைக் கீழே வைத்தார்.

"அவன் நடிக்கலீங்கம்மா. சீழ் கட்டின எடத்துல அமிலம் ஜாஸ்தி. அது மருந்தோட சேர்ந்துட்டா, மருந்தால நரம்போட கொழுப்புச் சுவரைத் தாண்டி உள்ள போக முடியாது. வாசல்லயே நின்னுடும்."

வீக்கத்தை விட்டுத் தள்ளி, நரம்பு வருகிற வழியில் இன்னொரு ஊசி போட்டுக் காத்திருந்தார். மகன் அமைதியானான். நான் வெளியே வந்து உட்கார்ந்தேன். நாற்பது வருடக் கோபம் அப்போதுதான் வந்தது.

அன்று எனக்குப் பத்து வயது. சாமைக் கொல்லையில் குதிகாலில் ஏறிய முள் சீழ் கட்டிவிட்டது. அப்பா என்னை மலையிலிருந்து ஆலங்காயத்துக்கு இறக்கிக்கொண்டு போனார். அங்கே தெற்கத்திக் கம்பவுண்டர் ஒருவர் தனியாக வைத்தியம் பார்த்தார். வீக்கத்திலேயே ஊசியை இறக்கி, உடனே கத்தியை எடுத்தார். நகத்தால் கீறி, தெரிகிறதா என்று கேட்டார். தெரிந்தது. நன்றாகவே தெரிந்தது.

"இன்னும் திமிரு புடிக்கல சார்" என்றேன்.

எங்கள் மலையில் மரத்துப்போவதைத் திமிரு புடிப்பது என்றுதான் சொல்வோம். அவருக்கு அது தெரியவில்லை.

"உனக்கா திமிரு பிடிக்கல? பேச்சைப் பாருய்யா!" என்று சிரித்தார். "ஊசி போட்டா வலிக்காது. புள்ள நடிக்குது, அமுக்கிப் பிடி."

அப்பாவுக்கு அந்தச் சொல் தெரியும். நான் சொன்னதன் பொருளும் தெரியும். ஆனாலும், "சார்தான் மருந்து போட்டுட்டாருல்ல? சும்மா இருடி" என்று என் முழங்காலின் மேல் ஏறி உட்கார்ந்தார். கத்தி இறங்கியது. நான் உதைத்ததில் மருந்துத் தட்டு கவிழ்ந்தது. அப்பா அறைந்தார்.

அந்தக் கம்பவுண்டருக்கு அமிலமும் நரம்பும் தெரிந்திருக்க வேண்டாம். அந்த மேசையில் சீழோடு படுத்துக் கத்திய பிள்ளைகள் எத்தனை பேர்? அவர்களில் ஒருவரையாவது நம்பியிருந்தால் போதுமே! ஊசியை நம்பினார்கள், மருந்துக் குப்பியை நம்பினார்கள், வலித்தவளை மட்டும் நம்பவில்லை. அப்பா இப்போது இல்லை. இருந்திருந்தால் பல் மருத்துவரிடம் போய்வந்த அன்றிரவே மலையேறிப் போய்ச் சண்டை போட்டிருப்பேன். என்ன யோக்கியதையோடு போட்டிருப்பேன் என்பது வேறு விஷயம். அதே சொல்லை என் மகனிடம் சொல்லிவிட்டுத்தானே வந்திருந்தேன்.

அன்று குதிகாலுக்குக் கட்டுப் போட்டதும், "சாருகிட்ட மன்னிப்பு கேளு" என்றார் அப்பா. கேட்டேன். இரண்டு கைகளையும் கூப்பி, இனி நடிக்க மாட்டேன் என்றேன். அவரும் பெருந்தன்மையாக மன்னித்தார்.

மருந்து தோற்றுப்போகும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? மற்றவர்களுக்கு வலிக்காதது எனக்கு மட்டும் வலிக்கிறது, என் உடம்புதான் பொய் சொல்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மலைப்பாதையில் பேருந்து திரும்பும்போதெல்லாம் அந்தக் குதிகாலைத் தரையில் ஊன்றி அழுத்தி, நிஜமாகவே வலிக்கிறதா என்று ஊர் வரைக்கும் பார்த்துக்கொண்டே வந்தேன்.