பின்னிருக்கையில் பெற்றோல் தாங்கி

வேலை முடிந்து வந்து படலையைத் திறந்தவள் விறைத்துப்போய் நின்றேன். முற்றத்தில் நின்ற மோட்டார் சைக்கிளில் என்னுடைய இருக்கையைக் காணவில்லை. இத்தனை வருடங்களாக நான் குந்தி வந்த இடத்தில் ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் தாங்கி இரண்டு பட்டிகளால் இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது. மீன்பிடிப் படகுகளில் இஞ்சினுக்கு எண்ணெய் கொடுக்க வைத்திருப்பார்களே, அதே தாங்கி. கையால் அமத்தி எண்ணெய் ஏற்றுகிற கறுப்பு ரப்பர்க் குமிழ்கூட அதன் குழாயில் தொங்கியது. பேசாலையில் கடற்தொழில் வீட்டில் பிறந்த எனக்கு அந்தத் தாங்கி புதிதல்ல. அது என் இடத்தில் ஏறி இருந்ததுதான் புதிது.

என் கணவர் பக்கத்தில் முழங்காலில் நின்று ஒரு நட்டை முறுக்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்து, "எப்பிடி இருக்கு?" என்று கேட்டார். வகுப்பில் முதலாம் பிள்ளையாக வந்தவனின் முகம். தபால் கந்தோரில் நாள் முழுக்கச் சனத்தோடு கத்துகிறவள், வீட்டு முற்றத்தில் ஊமையாய் நின்றேன்.

அவர் நறுவிலிக்குளத்தில் வயல் செய்கிற குடும்பத்துப் பிள்ளை. மன்னாரில் ஒரு கந்தோரில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். ஓய்வுபெற்ற மனிதர்கள் கோழி வளர்ப்பார்கள், மாதா கோயில் பங்குச் சபையில் சேர்ந்து சுவாமிக்குத் தலையிடி கொடுப்பார்கள், அல்லது வீட்டுக் கறியில் உப்புப் பார்ப்பார்கள். இவருக்கு வந்த ஆசை வேறு. மோட்டார் சைக்கிளில் இலங்கையை ஒரேயடியாக, நித்திரை கொள்ளாமல், ஒரு பகலும் ஒரு இரவுமாய்ச் சுற்றி வர வேண்டுமாம். கொழும்பில் இப்படி ஓடுகிறவர்கள் ஒரு கூட்டமாக இருக்கிறார்கள். அவர்களுடைய படங்களை ஃபோனில் பார்த்துப் பார்த்தே இவருக்கு அந்தப் பைத்தியம் பிடித்தது.

பிடித்த பைத்தியத்தில் பாதி எனக்கும் ஒட்டிக்கொண்டது என்பதையும் சொல்ல வேண்டும். முற்றம் கராஜ் ஆனது. குறுக்கே யானை வந்தால் தெரிய வேண்டும் என்று முன்னால் இரண்டு மேலதிக விளக்குகள் பூட்டினார். முதுகு வளையாமல் இருக்க ஹாண்டிலை உயர்த்தினார். நெடுநேரம் இருந்தால் இருக்கை சுடும் என்று லொறிக்காரர் போடுகிற மரமணி விரிப்பு ஒன்று வந்தது. அதை வெட்டி அளவாகத் திரும்பக் கோத்துக் கொடுத்தவள் நான். வண்டியை நிறுத்தாமல் தண்ணீர் குடிப்பதற்கு முதுகில் ஒரு பை, அதிலிருந்து வாய்க்கு ஒரு குழாய். சேலைன் ஏற்றிய நோயாளி ஆஸ்பத்திரியிலிருந்து தப்பி ஓடுகிற மாதிரி இருக்கிறது என்று சொல்லிச் சிரித்தேன். அவரும் சிரித்தார். இருக்கைக்கென்று வாங்கி வைத்த ஸ்பொஞ்சைத் தெருக் கழுதையொன்று கடித்துக் குதறியபோது கல்லெடுத்துக் கலைத்தவளும் நான்தான்.

இரு பக்கமும் கொழுவுகிற பெட்டிகளைச் செய்து தந்தவர் மறிச்சுக்கட்டிப் பக்கத்து முஸ்லிம் அண்ணர் ஒருவர்; நானா என்றுதான் கூப்பிடுவோம். இவருடைய பழைய சிநேகிதர், ஃபைபர் படகு செய்கிறவர். படகு செய்து பழகிய கைக்குப் பெட்டியும் படகாகத்தான் வந்தது. வெள்ளை உடம்பு, நீலக் கோடு, தாராளமான அகலம். "தண்ணியில போட்டாலும் மிதக்கும் தங்கச்சி" என்றார். எனக்கு அந்தப் பெட்டிகளில் ஒரு பெருமை. ஒன்றில் அவருடைய சாமான், மற்றதில் என்னுடையது என்று மனதுக்குள் பிரித்தும் வைத்துவிட்டேன். வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்கென்று ஒரு நீளக் காற்சட்டை தைத்தேன். கந்தோரில் அந்தக் கிழமைக்கு லீவும் கேட்டு வைத்தேன்.

அப்படியிருக்கத்தான் அந்தச் சிவப்புத் தாங்கி.

"நான் எங்க இருக்கிறது?" என்று கடைசியில் கேட்டேன்.

அவருக்கு விளங்கவில்லை. தாங்கியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நீரும் வாறதெண்டே இருந்தனீர்?" என்றார்.

அதில் குத்தலோ பகிடியோ இல்லை. உண்மையாகவே ஆச்சரியப்பட்டுக் கேட்டார். அதுதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. மடுத் திருவிழாவுக்கும், கலியாண வீடுகளுக்கும், செத்த வீடுகளுக்கும், அவருடைய தாய் தகப்பனைப் பார்க்கவும், பிள்ளைகள் வெளிநாடு போன பிறகு சும்மா தலைமன்னார் வரை போய்த் திரும்பவும், எல்லாவற்றுக்கும் பின்னால் இருந்தவள் நான். இந்தப் பயணத்துக்கு நான் வருவேன் என்ற எண்ணமே அவருக்கு வந்திருக்கவில்லை.

"இரவு இரவா ஓடவேணும். பெற்றோல் செட் எல்லாம் பூட்டிக்கிடக்கும். பெற்றோல் இல்லாத காலத்தில வரிசையில கிடந்து பட்டது காணாதே? தாங்கி இல்லாமல் சரிவராது" என்று விளக்கம் சொன்னார். பிறகு, என்னைத் தேற்றுகிற நினைப்பில், "தாங்கி நிறைய அடிச்சாலும் உம்மட பாரத்தில அரைவாசியும் வராதப்பா" என்றார்.

நான் வீட்டுக்குள் போய்விட்டேன். காற்சட்டையை அலுமாரியின் அடியில் போட்டேன். அதன் பிறகு அவருக்குச் சாப்பாடு வைத்தேன், தேத்தண்ணி வைத்தேன், கதை மட்டும் வைக்கவில்லை. அவர் என்ன குற்றம் செய்தார் என்று அவருக்குத் தெரியாது, எனக்கோ அதை எப்படிச் சொல்வதென்று தெரியாது. பாரம் என்ற சொல் மட்டும் பல்லிடுக்கில் மாட்டிய மீன்முள்ளாய் உறுத்திக்கொண்டேயிருந்தது.

அது தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று வீசுகிற மாதம். மன்னார்த் தீவையும் அக்கரையையும் இணைக்கிற பாலம் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். இரண்டு பக்கமும் கடல், ஒதுங்க ஒரு மரமில்லை. சோளகம் குறுக்காக அடிக்கும்போது வாடகை ஓட்டோக்காரர்களே முகத்தைச் சுளிப்பார்கள். என் கணவருக்கு மட்டும் அது ஒரு பொருட்டே இல்லை. வயல்காரன் பிள்ளை இப்படி ஓடுகிறானே என்று கந்தோரில் பெயர் எடுத்தவர். புதிதாக வேலைக்கு வந்த பெடியளுக்கு, "ஹாண்டிலை இறுக்கிப் பிடிக்கப்படாது, தளர்வாப் பிடிச்சா வண்டி தன்ர பாட்டில நேராப் போகும்" என்று வகுப்பெடுப்பார். நானும் பக்கத்தில் நின்று தலையாட்டியிருக்கிறேன்.

ஒரு நாள் கந்தோரில் முத்திரை கிழித்துக்கொண்டிருந்தேன். வரிசையை விலக்கிக்கொண்டு நானா நேரே கண்ணாடிக்கு முன்னால் வந்து நின்றார். சட்டை முன்பக்கம் தோய்ந்து கிடந்தது. "பயப்பிடாதைங்கோ தங்கச்சி. அல்ஹம்துலில்லாஹ், உயிருக்கு ஒண்டுமில்லை" என்றார். கையில் இருந்த முத்திரைத் தாளை யாரிடம் கொடுத்தேன், கதவால் எப்படி வெளியே வந்தேன் என்று இன்றுவரை ஞாபகமில்லை.

நடந்ததை நானா ஓட்டோவில் வைத்துச் சொன்னார். பெட்டிகளில் முழுச் சாமானும் அடுக்கி, தாங்கியையும் நிறைத்து, வண்டி எப்படி ஓடுகிறதென்று பார்க்க இவர் தனியே பாலத்தில் ஏறியிருக்கிறார். பின்னால் நானா தன்னுடைய சைக்கிளில், அதாவது மோட்டார் சைக்கிளில்தான், போயிருக்கிறார். போகும்போதே வண்டி ஓரக் கற்களின் பக்கமாக இழுபட்டிருக்கிறது. திரும்பி வரும்போது காற்று மற்றப் பக்கத்தால் தள்ளி, எதிரே லொறி வந்த பாதைக்குள்ளேயே கொண்டுபோய் விட்டிருக்கிறது. வெட்டித் திருப்பியவர் ஓரத்தில் விழுந்துவிட்டார். ஒரு பெட்டி கழன்று தண்ணீரில் போய் மிதந்ததாம். அதை எடுக்கத் தண்ணீருக்குள் இறங்கித்தான் நானா நனைந்திருக்கிறார்.

காறையெலும்பு முறிந்திருந்தது. கையைக் கழுத்தோடு கட்டிக் கட்டிலில் கிடத்தியிருந்தார்கள். முகத்தில் இரத்தம் காய்ந்து, பேயறைந்தவர் போல இருந்தார். திட்டுவதற்கென்று வழி முழுக்கச் சேர்த்துக்கொண்டு வந்த சொற்களெல்லாம் அந்த முகத்தைக் கண்டதும் போய்விட்டன.

அவர் என்னைப் பார்க்கவில்லை, கூரையைப் பார்த்தபடி கதைத்தார். "எத்தினை சோளகத்துக்க இந்தப் பாலத்தில ஓடினனான். ஒரு நாளும் வண்டி இப்பிடி இழுக்கேல்லை. ஒரு நாளும்."

"பெட்டி கொஞ்சம் அகலம்தான்" என்றார் நானா, குற்றம் செய்தவர் மாதிரி. "ஆனாலும் இந்த இழுவைக்குப் பெட்டி மட்டும் காரணமில்லை."

கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"நான் பின்னால இருந்தனான்" என்றேன்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"காத்தடிக்கேக்க நான் சாயுறனான்."

சின்ன வயதில் மீன்பிடிப் பருவத்துக்குப் பருவம் சட்டி பானையோடு முழுக் குடும்பமும் பாய் வள்ளத்தில் ஏறிச் சிலாவத்துறைப் பக்கம் கடற்கரை வாடிக் குடிசைக்குப் போவோம். காற்று ஏறினால் எங்கள் ஐயா ஒரு பார்வை பார்ப்பார், பிள்ளைகள் எல்லோரும் காற்று வருகிற பக்கத்துக்கு நகர்ந்துவிடுவோம். பிறகு பார்வையும் தேவைப்படவில்லை. தண்ணீர் கறுத்துக்கொண்டு வருவதைக் கண்டாலே இடுப்பு தானாக நகரும். கலியாணம் செய்து மோட்டார் சைக்கிளில் ஏறிய பிறகும் அது நிற்கவில்லை. பாலத்தில் கன்னத்தில் காற்றுப் பட்டதும் அந்தப் பக்கம் சாய்ந்துவிடுவேன், காற்று விட்டால் நிமிர்வேன். சாய்கிறேன் என்று நானே நினைத்ததில்லை. அந்தக் கட்டிலடியில் நின்றபோதுதான் எனக்கும் அது தெரிந்தது.

"எல்லா நாளுமோ?" என்று கேட்டார் என் கணவர்.

"காத்தடிச்ச நாளெல்லாம்."

"ஏன் சொல்லேல்லை?"

"மூச்சு விடுறதை ஆரும் சொல்லிக்கொண்டு விடுவினமோ?"

அவர் கண்ணை மூடி யோசித்தார். நானும் யோசித்தேன். கந்தோர் வேலையாய் அக்கரைக்குப் போனால் அவருக்கு ஜீப் வரும். சண்டைக் காலத்தில் ஆமிக்காரர் பாலத்தில் இறக்கி நடக்கவிட்டார்கள். மற்றதெல்லாம் நாங்கள் இரண்டு பேரும் போனவை. சோளகத்துக்குள் அவர் தனியே ஓடிய ஒரு தடவையை இருவராலும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"அப்ப ஓடினது நானில்லை" என்றார். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

பாரம் என்றவருக்கு இது வேணும் என்று நான் சந்தோசப்பட்டிருக்க வேண்டும். அப்படி ஒரு துளியும் வரவில்லை. பயம்தான் வந்தது. அவர் கழற்றியது என்னுடைய இருக்கையை. நான் ஒரே வார்த்தையில் அந்த மனிசன் ஓடிய ஓட்டம் முழுவதையும் கழற்றிவிட்டேன். அறிந்து செய்யவில்லை என்பதெல்லாம் அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது ஒரு ஆறுதலாகவே இல்லை.

எலும்பு பொருந்திய பிறகும் அவர் வண்டியைத் தொடவில்லை. நறுவிலிக்குளத்துக்கு பஸ்ஸில் போய் வந்தார். கொழும்புக் கூட்டத்தின் படங்களைப் பார்ப்பதையும் விட்டுவிட்டார். யாராவது பாலத்துக் காற்றைப் பற்றிக் கதை எடுத்தால் எழுந்து உள்ளே போவார். இலங்கையைச் சுற்றப் புறப்பட்டவர் சந்தைக்குப் போகவும் குடையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. நானாவைக் கூப்பிட்டு, தாங்கியைக் கழற்றி இருக்கையைத் திரும்பப் பூட்டச் சொன்னேன். அவர் தானாகவே ஒடுக்கமான இரண்டு பெட்டிகளும் வார்த்துக்கொண்டு வந்தார்.

ஒரு ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் அலுமாரியிலிருந்து காற்சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு போய் வண்டியின் பின்னால் ஏறி இருந்தேன். "வாங்கோ, போவம்" என்றேன். கையிலிருந்த குடையைச் சுவரோடு சாத்தினார். பிறகு தலைக்கவசத்தை எடுத்தார்.

பாலம் தொடங்குகிற இடத்தில் வண்டியை நிறுத்தினார். சோளகம் ஓய்ந்திருக்கவில்லை. திரும்பாமலே சொன்னார். "இண்டைக்குச் சாயாதேயும். என்ன நடந்தாலும் நேரா இரும்."

"ஓம்" என்றேன்.

நேராக இருப்பது இவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியாது. வலக் கன்னத்தில் காற்று அறைந்ததும் உடம்பு முழுக்க அந்தப் பக்கம் போகத் துடித்தது. இருக்கையின் இரு ஓரத்தையும் நகம் பதியப் பிடித்துக்கொண்டேன். வண்டி ஓரக் கற்களை நோக்கி இழுபட்டது. இப்படி ஒரு காற்றா இந்தப் பாலத்தில் அடிக்கிறது? இத்தனை வருடங்களாக இதற்குள்ளாலா போய் வந்தோம்? சாய்ந்தபடியே போனவளுக்கு அதன் பலம் தெரியவேயில்லை. முன்னால் அவருடைய பிடரி வியர்த்து ஒழுகியது. ஒரேயடியாக வெட்டித் திருப்பினார், அது கூடிப்போனது, திரும்பக் குறைத்தார். அறுபது வயதில் அந்த மனிசன் பாலத்தில் ஓடப் பழகினார். உதவி என்று தெரியாமலே உதவி செய்து, அவரை இதைப் பழகவிடாமல் வைத்திருந்தவள் பின்னால் மரக்கட்டை மாதிரி இருந்தேன்.

அக்கரையில் நிற்காமலே வண்டியைத் திருப்பினார். வரும்போது காற்று இடப்பக்கம். எதிரே பஸ் ஒன்று வந்தபோது கண்ணை மூடிக்கொண்டேன், சாயவில்லை. அது அடித்துக்கொண்டு போன காற்றில் வண்டி ஒரு தரம் உலாஞ்சி, பிறகு நேரானது.

தீவுக் கரைக்கு வந்ததும் இருக்கையின் ஓரத்தை விட்டுக் கையை எடுத்தேன். இனி வீடுதான், இறங்கியதும் ஒரு தேத்தண்ணி குடித்தால்தான் உயிர் வரும் என்று நினைத்துக்கொண்டேன். அவர் வீதியோரமாக வண்டியை நிறுத்தி, மூச்சு வாங்கி, கையுறையால் முகத்தைத் துடைத்தார்.

"சாய்ஞ்சனீரோ?"

"இல்லை."

"உண்மையா?"

"மாதாவாணை இல்லை."

அவர் கையுறையைத் திரும்ப இறுக்கினார். வண்டியை மறுபடியும் பாலத்தின் பக்கம் திருப்பினார்.