சமையலறை வழியே போன நீல ஒயர்

போன ஞாயிற்றுக்கிழமை காலை நான் மேஜைக்கு அடியில் தவழ்ந்துகொண்டிருந்தேன். மேஜைக்கு மேலே என் மகளைப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பெண்ணைப் பெற்றவன் இருக்க வேண்டிய இடமா அது? என்ன செய்வது... கம்ப்யூட்டரின் பின்பக்கம் அங்கேதான் இருந்தது!

முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். என் மகள் மைதிலிக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. பேசுவதெல்லாம் கைகளால்தான். ஊருக்கு வெளியே கழக்கூட்டம் என்ற இடத்தில் ஓர் அனிமேஷன் கம்பெனியில் படம் வரைகிறாள். கெட்டிக்காரி. ஆனால் அமைதியான பெண் - இப்படித்தான் இத்தனை வருஷமும் ஊரெல்லாம் சொல்லி வந்தேன்.

இதுவரை வந்த வரன்கள் எல்லாம் காது கேட்கிற பையன்கள். 'பரவாயில்லை, நாங்கள் அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்கிறோம்' என்று பெருந்தன்மையோடு வந்தார்கள். வந்த வேகத்தில் மைதிலி திருப்பி அனுப்பினாள். தன்னை யாரும் அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்ள வேண்டாமாம்.

அப்போதுதான் பூனாவிலிருந்து ஹரியின் ஜாதகம் வந்தது. பாலக்காட்டுக் குடும்பம். பையனுக்கும் காது கேட்காது. ஜாதகம் பொருந்தியது, போட்டோவும் பிடித்திருந்தது. ஹரியின் அப்பாவும் நானும் டெலிபோனில் பேசிப் பேசி பாதி சம்பந்திகளே ஆகிவிட்டோம்.

மைதிலி மட்டும் பிடி கொடுக்கவில்லை. அவள் விரல்களால் சொன்னதை என் மனைவி கமலா எனக்கு வார்த்தையாக்கினாள்.

"போட்டோல கை பேசாதாம். அவர் கை பேசறதை இவளுக்குப் பார்க்கணுமாம். பிடிக்கலேன்னா, பின்னே கல்யாணப் பேச்சே இந்தாத்துல எடுக்கப்படாதாம். மனசிலாச்சா?"

மனசிலாயிற்று. நன்றாகவே மனசிலாயிற்று. இது தப்பினால் அவ்வளவுதான்.

எங்கள் வீட்டுக்கு டெலிபோன் வந்து எத்தனையோ வருஷமாகிறது. அதைத் தினமும் துடைத்து வைப்பவள் மைதிலிதான். ஒரு நாளாவது அது அவளுக்காக மணியடித்திருக்கிறதா? இப்போது அதே டெலிபோன் லைனில் பிராட்பேண்ட் வந்திருக்கிறது. வெப் கேமரா என்று ஒரு கண்ணும் வாங்கியாயிற்று. ஒரே சிக்கல் - லைன் இருப்பது வாசல் ஹாலில். மைதிலிக்கோ, நல்ல வெளிச்சம் விழும் கொல்லைப்பக்கத்துத் தன் அறையில் உட்கார்ந்துதான் பேச வேண்டும்.

தம்பானூர்க் கம்ப்யூட்டர்க் கடைக்காரர் வழி சொன்னார். "சாரே, இனி ஒயரொந்நும் வேண்டா. எல்லாம் காத்தில வரும்!"

காற்றில் வருமாம்! இரண்டு கொம்பு வைத்த ஒரு பெட்டியைப் பெருமையோடு வாங்கி வந்து ஹாலில் வைத்தேன். கம்ப்யூட்டரை மைதிலி அறைக்கு மாற்றி, அதன் முதுகில் விரல் நீளக் குச்சி ஒன்றைச் செருகினேன். வந்துவிட்டது! ஒரு ஒயரும் இல்லாமல், மூன்று சுவரையும் தாண்டி, உலகமே அந்த அறைக்குள் வந்துவிட்டது. நான் கொஞ்ச நேரம் ஹாலுக்கும் அறைக்கும் நடுவே நின்று வெறும் காற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். சிரிக்காதீர்கள்... நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

ஆனால் எங்கள் கரமனை வீட்டுச் சுவர்கள் அந்தக் காலத்துச் சுவர்கள். கொச்சியில் இருக்கும் தோழியோடு மைதிலி ஒத்திகை பார்த்தபோது, படம் வந்தது, நின்றது, பிறகு குதித்தது. நமக்கென்ன? குரல் விட்டுவிட்டு வந்தால் 'ஹலோ ஹலோ' என்று சொல்லி ஊகித்துக்கொள்வோம். இவர்களுக்குக் கைதான் வார்த்தை. கை பாதியில் உறைந்தால் பாதி வார்த்தை. மைதிலி என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

சனிக்கிழமை ஒயர் இழுத்தோம். நீல நிற ஒயர். ஹாலில் கிளம்பி, பூஜை அறை நிலைப்படியில் ஏறி, சமையலறை வென்டிலேட்டர் வழியாகப் புகுந்து, கமலாவின் சாம்பார்ப் பாத்திரத்துக்கு நேர் மேலே தொங்கி, மைதிலியின் அறையில் இறங்கியது.

"துணி உணத்தலாமா இதுல?" என்றாள் கமலா.

ஞாயிறு காலை கமலாவின் அண்ணா சுப்பு ஆஜர். எங்கள் சொந்தத்தில் எந்தக் கல்யாணப் பேச்சும் அவர் இல்லாமல் நடக்காது. பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு, தொண்டையைக் கனைத்துக்கொண்டு மைதிலியின் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

படம் வந்தது. தண்ணீர் மாதிரி ஓடியது. பூனாவில் ஹரி, அப்பா, அம்மா. அப்பாவும் அம்மாவும் வாயைத் திறந்தார்கள்...

சத்தம் இல்லை.

"ஹலோ! கேக்கறதா? ஹலோ!" சுப்பு மைக்கைத் தட்டினார், ஊதினார், அதட்டினார். அந்தப் பக்கத்திலும் இரண்டு வாய்கள் திறந்து மூடின. "மாப்பிள்ளே, எல்லாம் குளமாயிடுத்தே! என்னத்தையாவது பண்ணுங்கோ!" என்று என்னைப் பார்த்துக் கத்தினார்.

நான் மேஜைக்கு அடியில் போனேன். போகும்போது பார்த்தேன் - பூனாவில் ஹரியின் அப்பாவும் மேஜைக்கு அடியில் போய்க்கொண்டிருந்தார்.

தப்பு என்னுடையதுதான். கம்ப்யூட்டரை இடம் மாற்றிய அவசரத்தில், ஸ்பீக்கரின் பச்சை ஓட்டையில் மைக்கின் ரோஸ் பின்னையும், மைக்கின் ரோஸ் ஓட்டையில் ஸ்பீக்கரின் பச்சைப் பின்னையும் மாற்றிச் செருகியிருக்கிறேன். அட, ஒரு நிமிஷ வேலை! சொல்லலாமென்று தலையை நீட்டினேன்.

மேலே மைதிலியும் ஹரியும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அதை எப்படிச் சொல்வேன்? அப்படி ஒரு வேகம்! விரல்கள் பறந்தன, புருவம் ஏறியது, தோள் குலுங்கியது. ஒருவர் முடிக்குமுன் மற்றவர் குறுக்கே பாய்ந்தார். பத்தில் ஒன்றுகூட எனக்குப் பிடிபடவில்லை. மைதிலி பாஷையில் என் பெயர் - மூக்குக் கண்ணாடியை இரண்டு விரலால் மேலே தள்ளுவது. அது ஒரு தடவை வந்தது. இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என்னைப் பற்றி என்ன சொல்லியிருப்பாள்?

அமைதியான பெண்ணாவது! வாயாடி! என் பெண் இப்படி ஒரு வாயாடி! எங்களுக்குப் புரியட்டும் என்று இத்தனை வருஷமும் ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி நிறுத்திப் பேசியிருக்கிறாள். இவ்வளவு பேச்சும் அந்த நீல ஒயர் வழியாக, சாம்பாருக்கு மேலே, ஆயிரம் மைல் போய்க்கொண்டிருக்கிறது... நினைக்க நினைக்க உடம்பு சிலிர்த்தது.

மாறிக் கிடந்த பின்களை அப்படியே விட்டுவிட்டேன்.

சுப்புவுக்குப் பொறுக்கவில்லை. "என்னவாம்? என்ன பறையறான்? சம்பளம் கேட்டாளா? கேளுங்கோளேன்!" நான் மெல்ல மைதிலியின் தோளைத் தொட்டு, என்ன என்று கையால் கேட்டேன்.

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், ஒரு கையை மட்டும் எங்கள் பக்கம் நீட்டி அசைத்தாள்.

அந்தச் சைகை எங்களுக்கு நன்றாகத் தெரியும். நாங்கள் பழக்கியதுதான். விருந்தாளிகள் வந்து நாங்கள் சிரிக்கும்போது, கல்யாண வீட்டில் ஊர்வம்பு பேசும்போது, டெலிபோனை வைத்த பிறகு, 'என்ன, என்ன' என்று அந்தக் குழந்தை சட்டையைப் பிடித்து இழுக்கும். அப்போதெல்லாம் நாங்கள் காட்டுவது அது.

'அப்புறம் சொல்றேன்.'

கமலா புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். நானும்தான்.

சாம்பார் ஆறிப்போன பிறகுதான் மைதிலி அறையைவிட்டு வெளியே வந்தாள். கமலாவின் முகத்தைப் பார்த்தாள். ஒரே ஒரு தலையசைப்பு. சரி! அதற்குக் கமலாவின் மொழிபெயர்ப்பு எனக்குத் தேவைப்படவில்லை.

தை மாதம் கல்யாணம். நீல ஒயர் அங்கேயேதான் தொங்குகிறது. தினமும் சாயங்காலம் பேச வேண்டுமே! சத்தம் ஏன் வரவில்லை என்று சுப்பு மட்டும் இன்னும் என்னைக் குடைந்துகொண்டிருக்கிறார்.

அப்புறம் சொல்கிறேன் என்றிருக்கிறேன்.