மூன்றாம் தண்ணீர்

மாலை நாலு மணி இருபது நிமிடம். பண்டாரவளை ஸ்டேஷன் கடிகாரத்தில் பார்த்தது, அதனால் தவறாது. இத்தனை வருஷம் கழித்து அந்த நேரத்தை எனக்கு நினைவூட்டியது பினாயில் வாடை. ரயில் ஒருவழியாகப் பதுளைக்கும் வந்துவிட்டதே, பார்த்து வரலாம் என்று போன வாரம் மகள் பாக்கியத்தோடு புது ஸ்டேஷனுக்குப் போனேன். ஒருவன் வாளியைக் கவிழ்த்துத் தரையைக் கழுவினான். என் கை தானாகப் போய் மகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. "என்னங்கப்பா, நான் என்ன சின்னப் புள்ளையா?" என்றாள். இருபத்திரண்டு வயது அவளுக்கு. அவளிடம் சொன்னால் எல்லாம் தன்னால்தான் என்று நினைத்துக்கொள்வாள். ஆகவே உங்களிடம் சொல்கிறேன்.

அப்போது நான் இலங்கை மலைநாட்டில் மடுல்சீமைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பள்ளிக்கூட மாஸ்டர். லீவில் திருச்சிக்குப் போன இடத்தில் பாக்கியத்துக்குச் சின்னம்மை போட்டது. நாலு வயது. எங்கள் வழக்கத்தில் அம்மை இறங்கினால் மூன்று தண்ணீர் விட வேண்டும். மஞ்சளும் வேப்பிலையும் போட்டு வெயிலில் வைத்த நீரை, நாள் இடைவெளி விட்டு மூன்று முறை தலைக்கு ஊற்றுவார்கள். இரண்டு ஊற்றியாயிற்று. மூன்றாவதற்குள் என் லீவு முடிந்துவிட்டது. "தோட்டத்துல போய் ஊத்திக்கலாம்" என்றேன், படித்தவன் அல்லவா. மனைவி செல்லம்மாள் மறுக்கவில்லை. மூன்றாம் தண்ணீர் வரைக்கும் ஆத்தா பிள்ளையோடுதான் இருப்பாள் என்று ஒரு வேப்பங்கொத்தை மட்டும் பிள்ளையின் இடுப்பில் செருகிவிட்டாள். தூத்துக்குடிக் கப்பலிலும் பிறகு ரயிலிலும் அது வாடாமல் தண்ணீர் தெளித்துக்கொண்டே வந்தாள். எங்கள் மலைக் குளிரில் வேம்பு ஏது?

பிள்ளை உடம்பில் ஒரு பொருக்குகூட இல்லை. அப்போது ரயில் பண்டாரவளையோடு சரி. அங்கே இறங்கிய அந்த நாலு இருபதுக்கு, ஸ்டேஷனில் நோய் பார்க்கும் ஓவர்சீயரின் கண்ணில் பட்டது அந்த வேப்பிலைதான்.

"இது என்ன?"

கோயில் பிரசாதம் என்று சொல்லியிருக்கலாம். பிள்ளைகளுக்கு உண்மை பேசச் சொல்லிக்கொடுக்கும் வாய், "சின்னம்மை போட்டு ஆறிருச்சுங்க" என்றது.

ஊருக்கு வெளியே முள்கம்பி போட்ட ஒரு கொட்டகை. வாசலில் பினாயில் வாளி. தாயும் பிள்ளையும் உள்ளே, நான் வெளியே. அங்கே ஏற்கெனவே ஆறு பேர் கிடந்தார்கள், அத்தனையும் பெரியம்மை. பாக்கியத்துக்கு என் பள்ளிக்கூடத்திலேயே அம்மை குத்தியிருந்தோம். செல்லம்மாள் குத்திக்கொள்ளவில்லை. "எனக்கெதுக்குங்க, நான் என்ன பள்ளிக்கூடத்துக்கா போறேன்?" என்று அன்று சிரித்தாள். நானும் சேர்ந்து சிரித்தேன். பெரியம்மை அவளை ஒட்டுவதற்குள் வெளியே கொண்டுவர வேண்டும்.

விடுவிக்கும் உத்தரவு பதுளையிலிருந்து வர வேண்டுமாம். மாட்டு வண்டியில் ஒரு பகல் பயணம். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். கிளார்க் வெற்றிலை மென்றபடி, "டாக்டர் சர்டிபிகேட் எங்க?" என்றார்.

"கேட்டேங்க. இங்கேருந்து கடுதாசி வந்தாத்தான் கொட்டகைப் பக்கம் வருவேங்கிறார்."

"கடுதாசி குடுக்கணும்னா சர்டிபிகேட் வேணுமே, மாஸ்டர்."

அவர் கேலி செய்யவில்லை. வெளியே மழை பெய்கிறது என்பதுபோல் சொன்னார். பிறகு மூக்கை உறிஞ்சி என் பையைப் பார்த்தார். "திருச்சிச் சுருட்டா?"

நான் சுருட்டுப் பிடிப்பவன் அல்ல. தோட்டத்துத் துரைக்காக வாங்கி வந்த ஒரு கட்டு. அந்த வாடையை அடக்கும் பையை யாரும் இன்னும் தைக்கவில்லை. பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்தேன். வராந்தாவில் பியூன், "குடுத்துட்டுப் போங்க மாஸ்டர். புள்ள பெருசா, சுருட்டு பெருசா?" என்றான்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? எதிரே ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து, கிளார்க்கின் மேலதிகாரிக்கு மூன்று பக்கம் இங்கிலீஷில் பெட்டிஷன் எழுதினேன். சுருட்டு விஷயத்தையும் விடவில்லை. நன்றாக வந்திருக்கிறது என்று இரண்டு தரம் படித்து மகிழ்ந்தேன்.

திரும்பி வந்து, அவர்களை அடைத்த எட்டாம் நாள் வரை வேலிக்கு வெளியே காத்திருந்தேன். செல்லம்மாள் தினமும் கம்பி அருகில் வந்து, "ஒரு குடம் தண்ணி கேளுங்களேன். மூணாந் தண்ணி ஊத்திட்டா ஆத்தா போயிருவா. நம்மளையும் விட்டுருவாங்க" என்பாள். காவல்காரனிடம் கேட்டேன். தண்ணீர் ஊற்ற ஆர்டர் இல்லை என்றான்.

ஒன்பதாம் நாள் மறுபடி பதுளை. கிளார்க்கின் மேசைமேல் என் பெட்டிஷன். ஓரத்தில் மேலதிகாரியின் கையெழுத்தில் ஒரு வரி: விசாரித்து அறிக்கை தரவும். விசாரிக்க வேண்டியவர் அவரேதான்.

"நல்ல இங்கிலீஷ், மாஸ்டர். என்னைப் பத்தி இவ்வளவு அழகா யாரும் எழுதினதில்ல."

சுருட்டுக் கட்டை மேசையில் வைத்தேன். மோந்து பார்த்து இழுப்பறையில் போட்டார். "ஆகட்டும், போங்க. ஆர்டர் வந்து சேரும்."

வரவில்லை. மறுபடி போய்க் கேட்டபோது, "நடக்குது, மாஸ்டர்" என்றார். கொடுக்க என்னிடம் வேறு சுருட்டு இல்லை. பதின்மூன்றாம் நாள் பாக்கியம் மட்டும் வேலிக்கு வந்தாள். "அம்மா படுத்திருக்கு" என்றாள்.

இப்போது அந்தக் கொட்டகை இல்லை. பதுளைக்கு ஆள் ஏற்றிய மாட்டு வண்டிகளும் இல்லை. கிளார்க் எங்கே இருக்கிறாரோ, தெரியாது. கொட்டகை இருந்த இடத்தில் யாரோ கோவா என்று நாங்கள் சொல்லும் முட்டைக்கோஸ் பயிரிட்டிருக்கிறார்கள், வரிசை வரிசையாகப் பாத்திகள். நடுவில் நின்று பார்த்தேன். செல்லம்மாளைச் சுண்ணாம்பு போட்டு மூடிய இடம் எந்தப் பாத்தி என்று கண்டுபிடிக்க முடியவில்லை. பாக்கியத்துக்கு மூன்றாம் தண்ணீர் இன்றுவரை ஊற்றவில்லை.

செல்லம்மாளைப் புதைத்த மறுநாள், இருபத்தாறாம் நாள் காலை, வண்டியிலிருந்து அந்தப் பியூன் இறங்கினான். கையில் உத்தரவு. தேதியைப் பார்த்தேன். நான் சுருட்டைக் கொடுத்த அதே ஒன்பதாம் நாள். காவல்காரன் பாக்கியத்தைக் கூட்டிவந்து என் பக்கத்தில் விட்டான். பியூன் பிள்ளையைப் பார்த்தான். அவளுக்குப் பின்னால் திறந்திருந்த வாசலைப் பார்த்தான். மறுபடி காகிதத்தைப் பார்த்தான்.

"ரெண்டு பேருன்னு போட்டிருக்கு, மாஸ்டர். ஒரு ஆள மட்டும் வச்சுக்கிட்டு நான் எப்படிங்க கையெழுத்து வாங்குறது?"