மூச்சைப் பிடித்தவர்கள்

இது எனக்கே நடந்தது. கேட்டவர்கள் சிரித்தார்கள், "ஓவர்டைம் ஜாஸ்தியாயிடுச்சு" என்றார்கள். சிரிக்கட்டும். அந்த ஸ்கேன் அறையில் ஒரு மாலை தனியாக உட்கார்ந்துவிட்டு வந்து சிரிக்கட்டும்.

ஜொகூர் பாருவில் ஒரு மருத்துவமனையின் ஸ்கேன் பிரிவில் வேலை செய்கிறேன். போன வருஷம் அங்கே ஒரு புது மென்பொருள் வந்தது. நுரையீரல் புற்றுநோய் வந்தவரின் ஸ்கேன் படத்தைக் கொடுத்தால், இரண்டு வருஷம் உயிரோடு இருக்க நூற்றுக்கு எத்தனை வாய்ப்பு என்று சொல்லும். சரியாகச் சொல்கிறதா என்று பார்க்க, பெயரை நீக்கி வெறும் எண் போட்ட பழைய படங்களை ஒரு ஃபோல்டரில் வைத்துச் சோதித்துக்கொண்டிருந்தோம்.

தங்காக்கில் துணிக்கடை வைத்திருக்கும் என் தம்பி பிரேமகுமாருக்கு நுரையீரலில் கட்டி. எங்களிடம்தான் ஸ்கேன் எடுத்தான். பழைய காசநோய்த் தழும்பு என்று அவனிடம் பொய் சொல்லிவைத்திருந்தோம். நம் வீடுகளில் அப்படித்தானே? அவன் பிழைப்பானா என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. பெயரோடு போட்டால் விஷயம் கசிந்து அவன் காதுக்கே போய்விடும். அதனால் அவன் படத்துக்கும் ஒரு எண் போட்டு, அந்தப் பழைய படங்களுக்கு நடுவில் செருகிவிட்டேன்.

மணி ஏழு இருபது. கூட வேலை செய்யும் ஹஸ்னா மக்ரிப் தொழப் போயிருந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஸ்கேன் மெஷினை அணைத்து, விளக்கையும் அணைத்தாகிவிட்டது. தம்பியின் படத்தைத் திறந்தேன்.

எழுபத்தெட்டு.

அழுதேவிட்டேன். ஆசை தீராமல் இன்னொரு தடவை திறந்தேன்.

ஐம்பத்தொன்று.

ஒரே படம்தான்... எண் எப்படி மாறும்? மறுபடி திறந்தேன். முப்பது. படத்தில் நுரையீரல் முன்பைவிட விரிந்திருந்தது.

அப்போது ஸ்பீக்கரில் ஒரு குரல். ஸ்கேன் எடுக்கும்போது மெஷின் மலாயில் சொல்லும் பதிவுக் குரல்.

"தாரிக் நாஃபாஸ்... தஹான்..."

மூச்சை இழு... பிடி. மெஷினில் ஒரு விளக்குகூட எரியவில்லை.

அடுத்து ‘விடு’ என்று சொல்ல வேண்டும். காத்திருந்தேன்.

சொல்லவில்லை...

திரையில் பதினான்கு.

நான் எதையும் தொடவில்லை.

ஒன்பது.

நான்கு...

மைக் பொத்தானை அழுத்திக் கத்தினேன். "மூச்ச விடு! பிரேம், விடுடா!"

ஹ்ஹா...

ஸ்பீக்கரில் ஒரே ஒரு மூச்சு.

வெளியே ஓடிவந்து தம்பிக்கு ஃபோன் போட்டேன். இரண்டு தடவை தப்பாக அழுத்தினேன். எடுத்தான். அவனுக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது.

"அக்கா... இப்பதான் கண்ண மூடுனேன். யாரோ மலாய்ல மூச்ச பிடிக்கச் சொன்னாங்க. அப்புறம் விடவே முடியல. நீ கத்துனதுக்கு அப்புறம்தான் விட்டேன்."

ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"பக்கத்துல நிறைய பேர் படுத்திருந்தாங்கக்கா. அவங்க யாருமே விடல."

மறுநாள் காலையில் எங்கள் டாக்டர் ராஜசேகரனிடம், அந்த ஃபோல்டரில் இருப்பதெல்லாம் யாருடைய படங்கள் என்று கேட்டேன். காப்பியைக் குடித்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார்.

"அதுவா சுகந்தினி? எல்லாம் இறந்துபோனவங்க. உயிரோட இருக்கிறவங்க ஒருத்தர் படம்கூட அதுல இன்னும் போடல லா."